மார்லிஸ் ஓப்டாலும் தண்ணீர் ஆகாத இன்ஜினும்

மார்லிஸ் ஓப்டாலுக்கு எதைக் கண்டாலும் குமட்டும். மினசோட்டாவின் மேற்குக் கோடியில், சோளக் கொல்லைகளுக்கு நடுவே கிடக்கும் எங்கள் நார்ஹெய்மில், பள்ளிப் பேருந்துக் கொட்டகையில் முப்பத்தொரு வருடம் மெக்கானிக்காக இருந்தவள் அவள். பேருந்து மெக்கானிக் என்றால் இன்ஜினோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், பிள்ளைகள் இறங்கிப் போன பேருந்துக்குள் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும். சீட்டுக்கு அடியில் புளித்த பால், நசுங்கிய வாழைப்பழம், கால்வாசி தின்ற ஹாட்டாக், மழைக்கால வாந்தி. எல்லாவற்றையும் அவள்தான் கழுவினாள். கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டு, "சீ, கருமம்! இதுங்கல்லாம் மனுசப் பிள்ளைங்கதானா?" என்று பேருந்தின் காதில் மட்டும் விழும்படி திட்டிக்கொண்டே கழுவினாள்.

கல்யாணமும் அப்படித்தான் முடிந்தது. ராட்னி என்று ஒருவன். நாள் முழுக்கப் புகையிலையை வாயில் அதக்கிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட கோப்பையில் துப்பி, அதை அப்படியே வைத்துவிட்டுப் போகிற ஜன்மம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவசரத்தில் தன் காபி என்று நினைத்து ஒரு கோப்பையை எடுத்து மார்லிஸ் ஒரு மடக்கு குடித்துவிட்டாள். அவ்வளவுதான். கோப்பையையும் அவனையும் ஒரே நாளில் வெளியே போட்டாள். ஊரில் காரணம் கேட்டவர்களிடம், "ஒத்துவரல" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

அதுதான் அவளிடம் இருந்த கோளாறு. உள்ளுக்குள் அத்தனை அருவருப்பை வைத்துக்கொண்டு, வெளியே யார் முகத்துக்கும் எதிரே ஒரு சொல் சொல்ல மாட்டாள். சொல்ல அவளுக்கு மட்டுமில்லை, எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. இங்கே ஒருவர் வீட்டுக்குப் போனால் காபி வேண்டுமா என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இன்னொருமுறை கேட்பார்கள். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை கேட்டால்தான், "சரி, போட்டிருந்தா கொஞ்சமா குடுங்க" என்று வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே சரி என்பவனை வெளி மாநிலத்துக்காரன் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஐம்பத்தெட்டாவது வயதில் அவள் ஒரு கார் வாங்கினாள். 1951ஆம் வருடத்து பச்சை செடான். கல்யாணமே செய்துகொள்ளாமல் செத்துப்போன ஒரு விவசாயியின் பண்ணை ஏலத்தில், கோழி எச்சம் அப்பிக் கிடந்த வண்டி. எச்சத்தைச் சுரண்டவே மூன்று நாள் பிடித்தது. அவள் கணக்கு இதுதான்: செப்டம்பரில் ஓய்வு. ஓய்வு பெற்ற மறுநாள் அந்தக் காரில் ஏறி மேற்கே ஓட்டுவது. டகோட்டா, மொன்டானா, மலையெல்லாம் தாண்டிப் பசிபிக் கடல்வரை. அவள் கடலைப் பார்த்ததில்லை. யாருடைய வாந்தியும் இல்லாத ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. இதையும் ஒருவனிடம்தான் சொன்னாள்.

அந்த ஒருவன் லேத் பட்டறை டெல்மர். இன்ஜினின் இரும்பு உடம்பான பிளாக்கைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"எழுபது வருசமா வெறும் கிணத்துத் தண்ணியையே ஊத்தி ஓட்டியிருக்கான் மகராசன். உள்ளுக்குள்ள துரு அரிச்சு, மூணாவது சிலிண்டர்கிட்ட சுவரு நகம் கனத்துக்குத்தான் இருக்கு. இனிமே தண்ணின்னு ஒண்ணு உள்ள போகக் கூடாது, மார்லிஸ்."

"போனா?"

"போனா கடலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுக்கு வேற பிளாக் நான் எங்க போயி தேடுவேன்? இன்ஜினைக் குளிர வைக்கத் தண்ணியே கலக்காத கூலன்ட் விக்கிறான் பாரு, அதுக்கு மாத்திரு. துரு ஏறாது, லேசுல கொதிக்காது, ரேடியேட்டர்ல அழுத்தமும் கட்டாது. ஆனா பழைய தண்ணியை முழுசா வெளியேத்தணும். நூத்துக்கு மூணு பங்குக்கு மேல உள்ள தங்குச்சுன்னா போட்டும் பிரயோசனமில்ல."

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மார்லிஸ் ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்தாள். வந்தது தண்ணீரில்லை. பழுப்பாகக் கொழகொழவென்று ஒன்று வந்தது. அதன் பின்னால் வந்த நாற்றத்தில் கராஜிலிருந்து ஓடிப்போய்ப் புல்தரையில் நின்றாள். உள்ளே மிளகு மிதந்தது. வெள்ளையாகக் கட்டிக்கட்டியாக வேறு ஏதோ மிதந்தது. குச்சியால் கிளறிப் பார்த்த பிறகுதான் புரிந்தது: முட்டை. ரேடியேட்டர் ஒழுகியபோதெல்லாம் அந்த ஆள் மிளகுத்தூளையும் முட்டையையும் உடைத்து ஊற்றி அடைத்திருக்கிறான். வெந்து, அழுகி, மறுபடியும் வெந்த முட்டை.

"உவ்வே! இன்ஜினா இது? ஆம்லெட் சட்டியா?" என்று செத்துப்போனவனைத் திட்டினாள். செத்தவனைத் திட்டுவதில் ஒரு வசதி, எத்தனை தடவை என்று அவன் எண்ண மாட்டான்.

ஐந்து வாரம் ஆயிற்று. ஒவ்வொரு வார இறுதியிலும் கழுவினாள். குழாய்களைக் கழற்றிப் புதிது போட்டாள். பிளாக்கின் பக்கத்தில் துருவில் மறைந்துபோயிருந்த திருகைக் கண்டுபிடித்துத் திறந்தாள். அதிலிருந்து இன்னொரு படி சகதி வந்தது. இலை ஊதும் மிஷினை ரேடியேட்டர் வாயில் வைத்து மணிக்கணக்காகக் காற்றடித்தாள். மிச்சமிருக்கும் ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே விற்கும் திரவத்தை ஊற்றி, இன்ஜினை ஓட்டி, சூட்டோடு வடித்து, மறுபடியும் ஊற்றி வடித்தாள். கடைசியில் புதுக் கூலன்டை ஊற்றி, சூட்டில் விரிய வாய்ப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு மூடினாள். ஒரு துளி எடுத்து அளவுக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். நூற்றுக்கு ஒன்றரைதான் தண்ணீர். அன்றைக்குச் சாயங்காலம் அவள் கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சும்மா அந்தக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயும் வெளியேயும் சுத்தமான ஒரு பொருள் அவளுக்குச் சொந்தமாக இருந்தது.

ஆகஸ்டில் சோளத் திருவிழா. பழைய கார் சங்கத்தின் காரியதரிசி வெர்லின் ஸ்கார் வந்தார். இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பார்க் பிளக்குக்கும் சோடா மூடிக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் மனசு வெண்ணெய். பெண்டாட்டி போனதிலிருந்து ஊருக்கே உதவி செய்து பொழுதைப் போக்குகிறார். உங்கள் பச்சைக் கார் ஊர்வலத்துக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்றார். மார்லிஸ் முடியாது என்றாள். இன்னொரு தடவை கேட்டார். வேண்டாம் வெர்லின் என்றாள். மூன்றாவது தடவை கேட்டார்.

"சரி," என்றாள் மார்லிஸ்.

ஊர்வலத்தில் வெர்லினுக்கு ஒரு வேலை உண்டு. கிழட்டுக் கார்கள் ஆமை வேகத்தில் போனால் கொதித்துவிடும். அதனால் இரண்டு கையிலும் தண்ணீர்க் குடுவையோடு வரிசை நெடுக நடந்து ஊற்றிக்கொண்டே வருவார். இதைத் தெரிந்துதான் மார்லிஸ் ஒரு துண்டுக் காகிதத்தில் 'தண்ணீர் வேண்டாம், நன்றி' என்று எழுதி ரேடியேட்டர் மூடிமேல் ஒட்டியிருந்தாள். அந்த நன்றியை எழுதாமல் இருக்க அவளால் முடியவில்லை.

தேவாலயத்துக்கு முன்னால் கார்கள் வரிசையில் நின்றபோது வெர்லின் ஜன்னலில் குனிந்தார். "தண்ணி ஊத்தட்டுமா, மார்லிஸ்?"

"வேண்டாம் வெர்லின், இதுக்குத் தேவையில்ல."

நூலகத் திருப்பத்தில் மறுபடியும் வந்தார். "வெயில் கொளுத்துது. ஒரு குவளையாவது?"

"ஐயோ, வேண்டாம். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

அங்கேயே ஊர்வலம் நின்றுவிட்டது. முன்னால் போன குதிரைகள் நடுத்தெருவில் தங்கள் காரியத்தைப் பார்த்துவிட்டன. பள்ளிக்கூட பேண்டு வாத்தியக்காரப் பிள்ளைகள் அதை மிதிக்க மாட்டோம் என்று நின்றார்கள். லத்தியை அள்ள மண்வாரி வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். மார்லிஸ் இன்ஜினை அணைத்தாள். காலையில் குடித்த காபி வேறு நெருக்கியது. அவள் வாழ்நாளில் திருவிழாத் தெருவில் வைக்கும் பிளாஸ்டிக் கழிப்பறைக்குள் போனதில்லை. அன்றைக்கு வேறு வழியில்லை. உள்ளே என்னென்ன பார்த்தாள் என்பதை இங்கே எழுத என் கை கூசுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போனவள், மூச்சைப் பிடித்துக்கொண்டே வெளியே ஓடி வந்தாள்.

வந்து பார்த்தால் காரின் பானெட் திறந்திருந்தது. வெர்லின் குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை உதறிக்கொண்டிருந்தார். சாதாரண வண்டியாக இருந்தால் சூட்டில் அந்த மூடியைத் தொட்டதுமே ஆவி சீறிக் கையைப் பொசுக்கியிருக்கும். இதில்தான் அழுத்தமே கிடையாதே, சமத்தாகத் திறந்துகொண்டது.

"பாதிக் கழுத்துக்கு இறங்கியிருந்துச்சு மார்லிஸ். நல்ல வேளை பார்த்தேன். ஐஸ் போட்ட தண்ணி, நல்லா குளிர்ந்துரும்," என்று முகமெல்லாம் சிரித்தார்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம்தான். சூடான கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வருமே, அது. மார்லிஸுக்கு அது மூன்றாவது சிலிண்டர் என்று தெரிந்துவிட்டது. தெருவெல்லாம் ஆட்கள். வெர்லின் சிரித்துக்கொண்டே நின்றார். அவள் வாய் தானாகத் திறந்தது.

"தேங்க்ஸ், வெர்லின்," என்றாள்.

வீடுவரை பின்னால் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டே வண்டி வந்தது. கராஜில் நிறுத்தி, எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினாள். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில், பால் அதிகமாகிப்போன காபிபோல, நுரைத்து வெளுத்த ஒரு கூழ் வழிந்தது. டெல்மரைக் கூப்பிட்டாள். அவன் வந்து பார்த்தான், சாவு வீட்டில்போலத் தொப்பியைக் கழற்றினான், போய்விட்டான்.

நாலு மணிக்கு, புகையைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு வெர்லின் வந்தார். மார்லிஸ் டிப்ஸ்டிக்கை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாரு! நல்லாப் பாரு! என் இன்ஜினைக் கொன்னுட்ட நீ!"

முப்பது வருடத்தில் அவள் அவரை நீ என்றது அதுதான் முதல் தடவை. வெர்லினின் முகம் வெளுத்தது.

"நானா? மார்லிஸ், நான் உதவிதானே..."

"வேண்டாம்னு சொன்னேனா இல்லையா? ஒரு தடவையா? ரெண்டு தடவை சொன்னேன்! காகிதத்துல எழுதி வேற ஒட்டினேன்! கண்ணு தெரியலையா உனக்கு?"

"பார்த்தேங்க. படிச்சேன். நன்றின்னு போட்டிருந்துச்சு," என்றார் வெர்லின் பரிதாபமாக. "ரெண்டு தடவைதான் வேண்டாம்னீங்க. மூணாவது தடவை கேக்கலாம்னு வந்தா நீங்க வண்டியில இல்ல. எப்படியும் சரின்னுதானே சொல்லப்போறீங்கன்னு ஊத்திட்டேன். ஊர்வலத்துக்குக் கூப்பிட்டப்பவும் அப்படித்தானேம்மா சொன்னீங்க? ஊத்தின பிறகு தேங்க்ஸ்கூட சொன்னீங்களே?"

மார்லிஸ் டிப்ஸ்டிக்கைக் கீழே இறக்கினாள். அந்த மனுஷன் சொன்னதில் ஒரு எழுத்து பொய்யில்லை. ராட்னியின் கோப்பையைக் குடித்த அன்றைக்குக்கூட அவளுக்கு வாயில் இப்படி ஒரு கசப்பு ஏறியதில்லை.

"போயிரு," என்றாள். வெர்லின் நகரவில்லை. "போடாங்கிறேன்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். மேற்கொண்டு அவளுக்கு என்னென்ன வார்த்தை தெரியும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

செப்டம்பரில் அவள் ஓய்வு பெற்றாள், மேற்கே போகவில்லை. பிளாக் இன்னும் டெல்மர் பட்டறையில் கிடக்கிறது. ஊரில் ஒரு மாதத்துக்கு இதே பேச்சு. வயசான மனுஷனை, அதுவும் உதவி செய்ய வந்தவரை, இப்படியா தெருவே கேட்கும்படி திட்டுவாள், என்ன பொம்பளை இவள் என்றுதான் எல்லோரும் பேசினோம். திருவிழா முடிந்த வாரம் முழுக்க ருபார்ப் கேக்கும், உருளைக்கிழங்கு கேசரோலும் செய்து தட்டுத் தட்டாக எடுத்துக்கொண்டு வெர்லினுக்கு ஆறுதல் சொல்லப் போனோம். அவர் வீடு மார்லிஸ் வீட்டுத் தெருவின் கோடியில். போகும்போது அவளுடைய கராஜ் கதவு திறந்திருந்தது. இன்ஜின் இல்லாத காருக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் கையாட்டிவிட்டு நடந்தோம்.