அரண்மனைத் தோட்டத்துப் பெஞ்ச்

தொண்ணூறுகளில் ஒரு முறை, என் கணவருக்கு டென்மார்க்கில் ஒரு வாரம் ஆபீஸ் வேலை வந்தது. அமெரிக்காவில் எங்கள் பார்சிப்பனி அபார்ட்மெண்டில் தனியாகக் கிடக்கப் பிடிக்காமல் நானும் ஒட்டிக்கொண்டேன். கடைசி நாள் ஒரு பழைய அரண்மனையின் தோட்டத்துக்குப் போனோம். மரங்களைச் சுவர் மாதிரி வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு பூகூட இல்லை. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எரிச்சலாக இருந்தது. அவர் வாத்து பார்க்க ஏரிப் பக்கம் போய்விட்டார்.

சரளைக்கல் பாதையின் கோடியில் ஒரு பெஞ்ச். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட கிழவி ஒருத்தி அதில் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் தமிழிலேயே எதையெதையோ புலம்பினேன். கிளம்பும்போது, நம் ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்றேன். அவள் தலையசைத்தாள்.

"காலி பெஞ்சுகிட்ட என்ன பேச்சு?" என்றார் திரும்பி வந்த கணவர்.

"உங்க கண்ணுக்கு வாத்து மட்டும்தான் தெரியும்" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

வீடு வந்து சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். எங்கள் அபார்ட்மெண்டில் சுவருக்குச் சுவர் கார்பெட். அதன்மேல் யாரோ சரளைக்கல்லில் நடப்பதுபோல் சத்தம் கேட்டது. மெதுவாக, வாசலிலிருந்து சோபா வரை வந்து நின்றது.

பேய் என்றாலே கேலி பேசும் மனிதர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீதானே கூப்பிட்ட?" என்றார், குரலைத் தாழ்த்தி. "போய் காபி போட்டுக் கொண்டா."