பெரியப்பா போட்ட ரேங்க்

முதலில் என் மடத்தனத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. ஏழாம் வகுப்புப் படித்தபோது ஏறக்குறைய அரை வருடம், புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களிலேயே முதல் தரமான பாஸ்கெட்பால் ஆட்டக்காரன் நான்தான் என்று நம்பித் திரிந்தேன். அந்த அரை வருடத்தில் என் கையிலிருந்து கிளம்பிய பந்து வளையத்துக்குள் விழுந்தது ஒரே ஒரு முறை. அதையும் நான் இன்னொருவன் பிடிப்பதற்காகத்தான் தூக்கிப் போட்டிருந்தேன்.

என்னை அப்படி நம்ப வைத்தவர் பெரியப்பா. அவர் மாட்டுத் தரகர். வீடு திருமயத்தில், இருப்பு சந்தைகளிலும் பஸ்களிலும். பால் மறக்காத கன்றின் சுழியையும் குளம்பையும் வால் நீளத்தையும் பார்த்து, இது வாடிவாசலில் நின்று விளையாடும், இது வண்டி இழுக்கத்தான் ஆகும் என்று சொல்லிவிடுவார். இந்த வித்தையை எப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேல் திருப்பினார் என்று தெரியவில்லை. பொன்னமராவதிப் பக்கம் கன்று பார்க்கப் போனவர், அங்கே பள்ளி மைதானத்தில் பந்தாடிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்து, "இவன் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்குப் போயிருவான்" என்று டீக்கடையில் சொல்லிவைத்தார். அவனும் போய்விட்டான். வினை அங்கேதான் ஆரம்பம். அதே பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்ன மற்ற பையன்கள் ஒருவனும் எங்கும் போகவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை. போகாதவனைப் பற்றி எந்த டீக்கடையில் பேசுவார்கள்?

அதற்குப் பிறகு அவர் சந்தைக்குப் போகிற ஊரிலெல்லாம் பையன்களைப் பார்த்து ரேங்க் போட ஆரம்பித்தார். எங்கள் பள்ளி பி.டி. சாரே அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, "இந்த வருசம் யாருங்கய்யா?" என்று கேட்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

அந்த வருடத்து ரேங்க் எங்கள் மாட்டுக் கொட்டகையில் அறிவிக்கப்பட்டது. என்னை நிற்கவைத்துத் தோளை அமுக்கிப் பார்த்தார். காலைத் தூக்கச் சொல்லி உள்ளங்காலைச் சாணால் அளந்தார். உச்சந்தலையில் முடியை விலக்கினார். பழக்க தோஷத்தில் உதட்டைத் தூக்கிப் பல்லையும் பார்த்தார். அப்போது அப்பாவின் செருப்பு எனக்கு அளவாக இருந்தது. வகுப்பில் எல்லோரையும்விட ஒரு தலை உயரம். உதட்டுக்கு மேல் கரிக்கோடு போட்டது மாதிரி ஒரு மீசை.

"ரெட்டச் சுழி! இந்த வயசுல இந்தக் காலுன்னா, இன்னும் நாலு வருசத்துல நெலவாசல்ல குனிஞ்சுதான் வரணும் இவன். நம்ம புள்ளதான் ஒண்ணாம் நம்பரு. பொன்னமராவதிப் பய ஒருத்தன் ரெண்டு. திருக்கோகர்ணத்துக்காரன் மூணு" என்றார்.

பக்கத்தில் கட்டியிருந்த காளை என்னைத் திரும்பிப் பார்த்தது. அதற்கே பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவும் அங்கேதான் நின்றாள். ஒன்பதாம் வகுப்பு. என் தோளுக்குத்தான் வருவாள்.

"நானும் செலக்சனுக்குப் போகவா பெரியப்பா? இந்த வருசம் விட்டா வயசு தாண்டிரும். நம்ம பள்ளிக்கூடத்துல பொம்பளப் புள்ளைகளுக்கு டீமும் கெடையாது. ஹாஸ்டல் கெடச்சாத்தான் ஆட முடியும்" என்றாள்.

பெரியப்பா அவள் காலைக்கூடப் பார்க்கவில்லை. "ஒனக்கு வளத்தி முடிஞ்சு போச்சு தாயி. தம்பிக்குப் பந்தெடுத்துப் போடு, புண்ணியமாப் போகும்."

அப்பா தலையாட்டினார். அண்ணன் பேச்சுக்குத் தலையாட்டியே கழுத்து பழகியவர் அவர். அக்கா கொட்டகைத் தூணில் சொருகியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து எனக்குப் போஷாக்கு ஆரம்பமானது. காளைக்கு ஆட்டிய பருத்திக்கொட்டையிலிருந்து எனக்கும் ஒரு டம்ளர் பால் எடுத்து வெல்லம் போட்டுத் தந்தார்கள். காளைக்கு வெல்லம் கிடையாது. எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். அதோடு அவித்த முட்டை, பேரீச்சம்பழம். அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "திங்கிறது சரி, புள்ள ஆடிப் பழக வேணாமா மாமா?" என்று பெரியப்பாவிடம் கேட்டாள்.

"வாடிக்குப் போற மாட்ட யாராச்சும் ஏர்ல பூட்டுவாகளா? அலுப்புத் தட்டிரும். சும்மா கெடக்கட்டும்" என்றார் அவர்.

உலகத்தில் இதைவிட நல்ல கோச் யாருக்குக் கிடைப்பார்? சாயங்காலமானால் அக்காவும் நானும் பள்ளி மைதானத்துக்குப் போவோம். அங்கே ஒரே ஒரு கம்பம், ஒரு பலகை, ஒரு இரும்பு வளையம். வளையத்தில் வலை என்று ஒன்று எப்போதோ இருந்திருக்க வேண்டும், நாங்கள் பார்த்ததில்லை. நான் கொஞ்சம் பந்து எறிவேன். அது பலகையில் மோதி டமார் என்றோ, வளையத்தில் மோதி டங் என்றோ மைதானமே அதிரும். அலுப்புத் தட்டிவிடக் கூடாதே என்று உடனே வேப்பமரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்வேன்.

பிறகு இருட்டும்வரை அக்கா எறிவாள். ஓடிப்போய் எடுப்பாள், மறுபடி எறிவாள். நான் பேரீச்சங்கொட்டையைத் துப்பியபடி, கோட்டைப் பாறைக்கு மேலே சுற்றும் பருந்தைப் பார்த்துக்கொண்டே காதால் அவளை மேற்பார்வை செய்வேன். டமாரும் கேட்காது, டங்கும் கேட்காது. பந்து தரையில் விழும் சத்தம் மட்டும் கேட்கும்.

"வளையத்தத் தொடக்கூட மாட்டேங்குதேக்கா! கொஞ்சம் எக்கிப் போடேன்" என்று படுத்தபடியே யோசனை சொல்வேன். அவள் பந்தை எடுக்க ஓடிவிடுவாள். என் புலமைக்கு முன்னால் நிற்க முடியாமல்தான் ஓடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

செலக்சன் புதுக்கோட்டையில். பி.டி. சார் எங்களை பஸ்ஸில் கூட்டிப்போனார். அக்கா எனக்குத் துணை. அதாவது என் பையைத் தூக்க வந்தவள். ஒண்ணாம் நம்பர் பை தூக்குவதாவது! பை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. முட்டை டப்பா கனக்கிறது என்று மகிழ்ந்தேன்.

என் பெருமை ஒரு பெல் அடிக்கிற நேரத்துக்குள் முடிந்துபோனது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடச் சொன்னார்கள். பந்து என் புகழ்பெற்ற பாதத்தில் பட்டுத் தெறித்துக் கோச்சின் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எம்பிப் போடச் சொன்னார்கள். பலகைக்கு முன்னால் போட வேண்டியதைப் பின்னால் போட்டேன். விசில் மாட்டிய கோச் என்னைக் கூப்பிட்டு மீசையைப் பார்த்தார்.

"இது எப்பத் தம்பி வந்துச்சு?"

"போன வருசமே வந்துருச்சு சார்" என்றேன், பெருமையாக.

"அப்பா என்ன ஒசரம்?"

"உங்க காது வரைக்கும் வருவாரு சார்."

"நீ சீக்கிரமா வளந்துட்ட. இனி பெருசா வளர மாட்ட. அங்கிட்டுப் போயி ஒக்காரு."

அவர் சுழியே பார்க்கவில்லை. ஆனாலும் பாருங்கள், இன்றைக்கும் நான் ஏறக்குறைய அதே உயரம்தான். கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் அது செருப்பு.

ஆறுதலுக்கு முட்டை தின்னலாம் என்று பையைத் தேடினேன். சுவரோரம் கிடந்தது. தூக்கினால் லேசாக இருந்தது. டப்பா உள்ளேதான் இருந்தது; அடியில் வேறு எதுவோ இருந்து, இப்போது இல்லை. அக்காவையும் காணவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஈரத் துண்டை ஒரே உதறாக உதறுவது போல, சரக். கொஞ்சம் விட்டு மறுபடியும். சரக்.

திரும்பினேன். பக்கத்துக் கோர்ட்டில் நெடுநெடுவென்று வளர்ந்த பெண்கள் கலர் கலராக பனியன் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே எங்கள் பள்ளி யூனிபார்மில், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அக்கா. காலில் கேன்வாஸ் ஷூ. பை கனத்தது இதனால்தான். பி.டி. சாரிடம் கெஞ்சிப் பேர் கொடுத்திருக்கிறாள்.

அங்கே வளையத்தில் வெள்ளை வலை தொங்கியது. அவள் எறிந்தாள். பந்து போய் வளையத்தின் நடுவில் இறங்க, வலை ஒருமுறை மேலே சுருண்டு கீழே விழுந்தது. தள்ளி நின்று எறியச் சொன்னார்கள். சரக். இன்னும் தள்ளி, ஓரத்திலிருந்து. சரக். பேசிக்கொண்டிருந்த பெண்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். கோச் பையன்களை அப்படியே விட்டுவிட்டு இங்கே வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். அக்கா வலையைப் பார்க்கவே இல்லை. பந்து மேலே போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்த பந்துக்குக் கையை நீட்டிவிடுவாள். விழுந்ததா என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதவள் போல.

வீட்டில் தினமும் என்னோடு தலையணைக்குச் சண்டை போடுகிறவளா இவள்? கோயில் தேர் வடம் பிடித்ததும் முதல் அசைவு அசையுமே, அப்போது வாயைப் பிளந்துகொண்டு நிற்பது போல நின்றேன். முட்டை ஞாபகமே வரவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட வியப்பு என்று புரியும்.

"யாரும்மா ஒனக்கு ட்ரெய்னிங் குடுத்தது?" என்று கோச் கேட்டார்.

"யாருமில்ல சார். தம்பிக்குப் பந்தெடுத்துப் போட்டேன்" என்றாள்.

கோச் என்னை ஒருதரம் பார்த்தார். அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு, "திங்கக்கெழம அப்பாவக் கூட்டிக்கிட்டு வந்துரு. எடம் ஒனக்குத்தான்" என்றார்.

பெரியப்பாவின் ரேங்க் பொய்த்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. "அந்த வீட்டுலேர்ந்து ஒண்ணு போகும்னேன், போச்சா இல்லையா? வீடு சரி, உருப்படிதான் மாறிப்போச்சு" என்று டீக்கடையில் சொன்னார். அடுத்த வருடம் பி.டி. சார் இன்னும் சீக்கிரமாகவே சைக்கிளை விட்டு இறங்கினார். இப்போது அக்காவின் மகள், வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்து நட்சத்திரம், நாலு நட்சத்திரம் என்று ரேங்க் போடும் வீடியோக்களைக் கைபேசியில் காட்டி, "இதெல்லாம் கரெக்டா இருக்குமா மாமா?" என்று கேட்கிறாள். "பல்லப் பாத்தாகளான்னு கேளு" என்கிறேன்.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. புதுக்கோட்டை வளையத்தில் ஏதோ வசியம் இருக்கிறது, நல்ல வளையம் கிடைத்தால் யாரும் போடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தமே இல்லாமல் பந்து விழுந்த அத்தனை சாயங்காலங்களையும், எங்கள் பள்ளி வளையத்தில் வலை இல்லை என்பதையும் சேர்த்து யோசிக்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் பந்து பட்டுக் கன்னங்கரேலென்று இருந்தன. மடியில் முட்டை டப்பா. அவளைப் பார்க்க எனக்குப் பெருந்தன்மை பொங்கியது.

"கவலப்படாதக்கா. பெரியப்பாகிட்டச் சொல்லி ஒனக்கு நாலாவது ரேங்க் வாங்கித் தாரேன்" என்றேன்.

அவள் டப்பாவை என் மடிக்குத் தள்ளினாள்.

"முட்டைய உரி."