பட்டியலில் இல்லாத வீடு

சபையின் ஆண்டு மலருக்கு என் ஓரகத்தியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி போதகர் கேட்டார். வேறு யாரையாவது எழுதச் சொல்லலாமே என்று நழுவப் பார்த்தேன். அவளுடைய சொந்தம் நீங்கள்தானே, உங்களுக்குத் தெரியாததா என்று மடக்கிவிட்டார். தெரியும்தான். எனக்கு அவளைக் கண்டால் ஆகாது என்பதும் தெரியும். அதையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர் பாடு.

அவள் என் கொழுந்தன் மனைவி. லாரி ஓட்டுகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டு, மாதத்தில் இருபது நாள் தனியாக இருப்பவள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், ஒரு மிஷினும் ஒரு ஸ்டூலும் மட்டும் கொள்ளும் இடத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். புதுத்துணி தைப்பதில்லை. ஜிப் மாற்றுவது, பேன்ட் காலை மடித்து அடிப்பது, பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது, இவ்வளவுதான் தொழில். கழுத்தில் டேப்பு தொங்க அப்படியே ஆலயத்துக்கு வந்து நிற்பாள், அதுவும் முதல் பாட்டு முடிந்த பிறகு. சாட்சி சொல்ல எழுப்பிவிட்டால், "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். வாயில்லாப் பூச்சி என்பார்கள் மற்றவர்கள். ஊமைக்கோட்டான் என்பேன் நான், மனசுக்குள்.

நான் அப்படியில்லை. பத்தொன்பது வருடமாகச் சந்திப்புக் குழுவுக்குத் தலைவி. சபை எதற்காக இருக்கிறது என்று போதகர் வருடத்துக்கு நாலு தடவையாவது பிரசங்கம் செய்வார். உள்ளே இருப்பவர்கள் சொகுசாக உட்காருவதற்கு இல்லை, வெளியே இருப்பவர்களைத் தேடிப் போவதற்கு என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதுகு நிமிரும். போகிறவள் நான்தானே. புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆலயத்தின் பக்கத்து அறையில் ஆறு பேர் கூடுவோம். யார் படுக்கையில் இருக்கிறார்கள், யார் வீட்டில் துக்கம், யார் மூன்று வாரமாக வரவில்லை என்று பார்த்துப் பட்டியல் போடுவோம். இரண்டிரண்டு பேராகப் போய் ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம். அரை மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும், அடுத்த வீடு இருக்கும். பட்டியல் எழுதுவது எப்போதும் என் கைதான்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் லிஃப்ட் குழிக்குள் ஏணி சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. பிளேட் வைத்தார்கள். வாக்கரைப் பிடித்து நடக்கிற அளவுக்குத் தேறினார். ஆனால் பேச்சு குறைந்துபோனது. ஆலயத்துக்குக் கிளம்புங்கள் என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டேன், தலைமாட்டில் நின்று சத்தமாக ஜெபம் பண்ணினேன். மனிதர் அசையவில்லை. ஊரார் வீட்டு ஆண்களையெல்லாம் ஆலயத்துக்கு இழுத்து வருகிறவளின் பக்கத்தில், அவள் புருஷன் உட்காரும் இடம் ஏழு மாதமாகக் காலி. அவரை மறுபடி அங்கே பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு எண்ணமே இல்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவள் கொடி பறக்க ஆரம்பித்தது. ஞாயிறுதோறும் வாசலில் புதுமுகங்கள். ஆஸ்பத்திரியில் ஆளை வைத்துக்கொண்டு அலைந்தவர்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டால், எதிர்த்த தையல் கடை அக்கா என்பார்கள். அவள் என்ன போதித்தாள் என்று ஒரு பெண்ணிடம் துருவினேன்.

"ஒண்ணும் சொல்லல. எங்க அப்பா தவறின அன்னைக்குக் கடையை மூடிட்டு வந்து எங்கூடவே உட்கார்ந்திருந்தாங்க. ஞாயித்துக்கிழமை எங்க போவீங்கன்னு நான்தான் கேட்டேன்."

பத்தொன்பது வருடமாக நான் கொடுத்த துண்டுப் பிரசுரங்களை அடுக்கினால் கூரையைத் தொடும். அதைப் படித்துவிட்டு வந்தவர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். போதகர் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவளைப் புகழ்ந்தார். ஆலயமே திரும்பிப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை நாங்கள் போன வீடு பூட்டிக் கிடந்தது. பதினொரு மணிக்கே திரும்பிவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே சிரிப்புச் சத்தம். என் வீட்டுக்காரரின் சிரிப்பு. கேட்டு மாதக்கணக்காகிறது. எட்டிப் பார்த்தால், அவர் நாற்காலியில் இருக்கிறார், இவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவருடைய பேன்ட்டின் இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் இளைத்துப்போனது எனக்குத் தெரியும். பேன்ட் தொளதொளத்தது கண்ணில் படவில்லை.

கடையைப் போட்டுவிட்டு இங்கே என்ன வேலை என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"புதன்கிழமை நீங்க இருக்க மாட்டீங்களேக்கா. அத்தான் தனியா இருப்பாங்கன்னுதான்" என்றாள். ஐந்து மாதமாக வருகிறாளாம். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள்.

நான் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால், என் வீட்டுக்குள், நான் சொல்லாத எதை அவள் சொல்லிவிட்டாள் என்று கத்தினேன். நான் ஓய்ந்ததும் அவர் சொன்னார்:

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. எப்படி விழுந்தீங்கன்னு கேட்டா. அதைக் கேட்ட முதல் ஆளு அவதான். சபையிலேருந்து யாராவது வருவாங்கன்னு புதன்கிழமை புதன்கிழமை பார்த்துட்டு இருந்தேன். யாரும் வரல. நீயும் வரல."

"நான் இந்த வீட்டுலதானே இருக்கேன்" என்றேன்.

"இருக்க. வரல."

மத்தியானம் பழைய பட்டியல்களை எடுத்துப் புரட்டினேன். ஒரே மாதத்தில் மூன்று தடவை போன வீடெல்லாம் இருந்தது. எங்கள் வீடு ஒரு வாரத்திலும் இல்லை. தலைவி வீட்டுக்கு நாம் போய் என்ன ஜெபிப்பது என்று மற்றவர்கள் இருந்துவிட்டார்கள். என் வீட்டுக்கு நானே எதற்கு என்று நான் இருந்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை முதல் வரியில் எங்கள் வீட்டை எழுதி, நானே போகிறேன் என்றேன். குழுவில் சிரித்தார்கள். பையில் சாவி இருந்தும் மணியை அடித்தேன். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறந்தவரிடம், சந்திப்புக்கு வந்திருக்கிறேன் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு வழிவிட்டார். வேதத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டேன். ஏணியின் கால், தரையில் சிந்தியிருந்த ஆயில், மேலே மாட்டிக்கொண்ட கயிறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அரை மணி தாண்டியது. நடுவில் புத்தி சொல்ல நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டேன்.

சொல்லி முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "அவ இனிமே வர மாட்டாளா?" என்றார்.

மறுபடி எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வருவீர்களா என்று.

"வர்றேன். அவகூட வர்றேன். நீ விறுவிறுன்னு முன்னாடி போயிடுவ. வாசல் வரைக்கும் அவளைப் பிடிச்சுட்டுத்தான் நடந்து பழகினேன்."

சமையலறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். பிறகு கூப்பிட்டேன். ஞாயிறு காலை வந்து அத்தானை ஆலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போ என்று அவளிடம் சொன்னேன்.

"நீங்க வரலையாக்கா?" என்றாள்.

நானும்தான் வருகிறேன் என்றேன்.

என் காலுக்கு ஐந்து நிமிட நடை அது. அன்றைக்கு அரை மணி ஆனது. வழியில் அவர் மூன்று இடத்தில் மூச்சு வாங்க நின்றார். மூன்று இடத்திலும் அவள் அவரோடு சேர்ந்தே நின்றாள். எப்படித்தான் அவளுக்குத் தெரிந்ததோ. முதல் தடவை நான் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். இரண்டாவது தடவை பத்தடி. மூன்றாவது தடவை இரண்டே அடிதான் தள்ளிப் போயிருந்தேன்.