வெள்ளச்சிக்குக் குட்டி பிறக்காத கதை

பிறக்காத முயல்குட்டிகளைத் தருவதாக மூன்றாம் வகுப்பில் பாதிப்பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவள் நான். சித்தப்பா சந்தையில் ஜோடி என்று சொல்லித்தான் இரண்டையும் வாங்கி வந்தார். கறுப்பாக இருந்தவன் கறுப்பன், வெள்ளையாக இருந்தவள் வெள்ளச்சி. பெயர் வைத்தது நானாக்கும். கறுப்பன் ஓயாமல் வெள்ளச்சியின் முதுகில் ஏறுவான். உடனே பெரியவர்கள் எனக்கு ஏதாவது வேலை சொல்லி விரட்டுவார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பு! குட்டி வரப்போகிறது, அவ்வளவுதானே?

வரவில்லை. வைக்கோல் மெத்தை போட்டுக் காத்திருந்தோம். நெல் அறுப்புக்கூட முடிந்துவிட்டது. வெள்ளச்சியின் பிடரிமயிர் பிய்ந்துகொண்டு வந்ததுதான் மிச்சம். சித்தி அதைத் தடவிக்கொடுத்தபடி கூட்டருகிலேயே உட்கார்ந்திருப்பாள். கல்யாணமாகி வருடங்களாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை.

அத்தை, அதாவது சித்தப்பாவின் அக்கா, அடுத்த தெருவிலிருந்து தினமும் வந்து நாட்டாமை பண்ணுவாள். ஒருநாள் கூட்டின் முன்னால் நின்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

“இது மலடாக்கும். சும்மா தீனி போட்டு என்ன செய்ய? கறிக்குக் குடுத்துட்டு வேற பொட்டை வாங்கிப் போடு.”

அத்தை முயலைப் பார்த்துத்தான் சொன்னாள். சித்தி விருட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கூட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெருவே கேட்க அலறினேன். என் வெள்ளச்சியைக் கறிக்கா?

மறுநாள் சித்தி இரண்டையும் கூடையில் வைத்து மூடி, என்னையும் கூட்டிக்கொண்டு தக்கலை மிருக ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். டாக்டரம்மா வெள்ளச்சியை மல்லாத்திப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“ரெண்டும் ஆணாக்கும். இவன் ஏறது குட்டிக்கு இல்ல, நான்தான் பெரியவன்னு காட்டுகதுக்கு. அதுக்காக அடிச்சிரப்பிடாது, கேட்டியளா?”

இரண்டுக்கும் ஆபரேஷன் செய்தால் வேகம் தணியும். அதுவரை ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி தனித்தனிக் கூட்டில் வையுங்கள். பிறகு இரண்டுக்குமே புதிதான ஓர் இடத்தில் சேர்த்து விடுங்கள் என்றார். பின்னால் அப்படியே செய்தோம். டாக்டரம்மா சொன்னபடியே கறுப்பன் அடங்கினான்.

அன்று வீடு திரும்பியபோது அத்தை முற்றத்தில் இருந்தாள். சித்தப்பாவும் மொபைலை நோண்டிக்கொண்டிருந்தார்.

“மக்கா, டாக்டரம்மா சொன்னத அத்தைகிட்ட சொல்லு” என்றாள் சித்தி.

சொன்னேன்.

“இன்னும் சத்தமா.”

“வெள்ளச்சி ஆணு! அதான் குட்டி வரல்ல!”

“பாத்தியளா மைனி?” என்றாள் சித்தி. “சோதிச்சுப் பாக்காமலே எல்லாக் குத்தத்தையும் ஒண்ணு தலையிலயே கட்டியாச்சு.”

சித்தப்பா மொபைலைக் கீழே வைத்துவிட்டார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். வெள்ளச்சியைக் காப்பாற்றியது என் குரல்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த வாரம் சித்தப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு சித்தியோடு கிளம்பினார். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரிக்கு என்றார்கள். அதுவரை சித்தி அங்கே தனியாகத்தான் போய் வருவாள். நான் வெள்ளச்சியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, “முயல விட்டுட்டுப் போறீங்களே!” என்று கத்தியபடி பஸ் ஸ்டாப் வரை அவர்கள் பின்னால் ஓடினேன்.