தண்டலின் மனுவோடு தூத்துக்குடிக்கு

1977, புரட்டாசி. பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி ஐம்பது கிலோமீட்டர். பஸ்ஸுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். சண்டை போடத்தான் கிளம்பினேன்.

கடல்கடந்த ஒரு நாட்டின் நீதிமன்றத்தைக் கல்லூரி மலரில் கிழித்து எழுதியிருந்தேன். வழக்கு முடியாததால் நாட்டின் பெயர் வேண்டாம். அங்கே பல வருடம் பாடம் நடத்தித் திரும்பி இப்போது தூத்துக்குடியில் இருக்கும் நாசரேத்துக்காரர் சாமுவேல் சார், அது வெறும் பண்பாட்டுத் திமிர் என்றாராம். சொல்லட்டும். ஆனால் மேல்முறையீட்டு மனுவை அந்த நாட்டு மொழியில் எழுத அவரை விட்டால் ஆள் இல்லை. அந்த நாட்டுக்குப் புறப்படும் மாலைத் தோணியில் மனு போயாக வேண்டும்.

வழக்கு இதுதான். அந்தோணி ஒரு சரக்குத் தோணியின் தண்டல், அதாவது தலைவர். அந்த நாட்டுத் துறைமுகத்தில் அவர் தோணியின் மூட்டைகளுக்கு நடுவே கடத்தல் சரக்கு அகப்பட்டது. வைத்தவன் யாரென்று தெரியாது. போலீஸ் கேட்டதும், 'என் தோணி, நாந்தான் பொறுப்பு' என்றிருக்கிறார். கயிறு அறுந்தாலும் ஆள் விழுந்தாலும் இந்தக் கரையில் எந்தத் தண்டலும் அப்படித்தான் சொல்வார். அங்கே அதையே குற்ற ஒப்புதலாக எழுதிக்கொண்டார்கள். வக்கீல் கிடையாது, மறு கேள்வி கிடையாது. ஏழு வருடம் சிறை.

உப்பளங்களைத் தாண்டி ஊருக்குள் இறங்கும்போது மணி பத்து. தண்டலின் மனைவி செலின் அக்கா பஸ் நிலையத்தில் காத்திருந்தார். நேரே சார் வீட்டுக்குப் போனோம். காபி வந்தது, கூடவே பாடமும்.

"வெள்ளக்காரன் நம்மள நாகரிகம் இல்லாதவம்னான்லா? அதத்தாம்ல நீயும் செய்யுத. காய்ச்சல்ல கெடந்தப்ப எனக்குக் கஞ்சி ஊத்துன ஜனங்க அவங்க."

ஜனங்களைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை, நீதிபதியைப் பற்றித்தான் எழுதினேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார், நம்பவில்லை.

"சார், போன வருசம் எமர்ஜென்சில எங்க ஹாஸ்டல் பையன ஒருத்தன நம்ம போலீஸே தூக்கிட்டுப் போச்சு. காரணம் சொல்லல, கோர்ட்டுக்கும் கொண்டு போகல. அப்பவும் இதே வாயாலதான் தப்புன்னேன். அது எந்தப் பண்பாட்டக் கேவலப்படுத்துனது?"

செலின் அக்கா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த ஊர்க்காரன் ஒருத்தன இங்கன இப்படிப் பிடிச்சுப் போட்டா, அவன் பொண்டாட்டியும் இதத்தான சார் கேப்பா?"

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தண்டல் என்பதற்கு அவர்கள் மொழியில் சொல் இல்லையே, எப்படி விளக்குவது என்று அக்காவிடம் கேட்டார். மூன்று மணி வரை எழுதினார். எழுதியவர் என்று தன் கையெழுத்தும் போட்டார். வாசலில் என்னை நிறுத்தி, "ஏலே, நம்ம ஊர்ல கேக்கவேண்டியதையும் விடாதே" என்றார்.

மனுவோடு தோணி போனதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன். பாளையங்கோட்டைக்குள் பஸ் ஜெயில் மதிலை ஒட்டி வந்தது. தினமும் சைக்கிளில் தாண்டுகிற மதில். விசாரணைக்காக உள்ளே காத்திருப்பவர்கள் எத்தனை பேர், எத்தனை நாளாக? எனக்குத் தெரியாது. நாளைக் காலையில் முதல் வேலை, போய்க் கேட்பது.