மகளின் சனிக்கிழமை

அந்தத் தடவை லீவில் ஊருக்கு வந்த மறுநாள் காலையில் என் மகள் எனக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்தாள். ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கெழம அஸருக்கு அப்பறம் நான் ஃப்ரீதான்த்தா" என்றாள். அஸர் என்பது சாயங்காலத் தொழுகை. நான் வந்து இறங்கியது செவ்வாய்க்கிழமை. பதில் சொல்வதற்குள் வாசலில் வேன் ஹாரன் அடித்தது. ஸலாம் சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ஏறியதும் டிரைவரிடம் என்னவோ சொன்னாள். அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து வந்தவனுக்கு முதல் வயிற்றெரிச்சல் ஒரு வேன் டிரைவர் மேல் வந்தது.

யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவளுக்கு இப்படி நேரமில்லாமல் ஆக்கிய ஏற்பாடு முழுக்க நான் செய்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சவூதியில் ஒரு மளிகைக் கடையில் நிற்கிறேன். எங்கள் ரூமில் கந்தர்வக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார். நல்ல மனுஷர். அவருடைய பையன் அபாகஸில் கப் வாங்கிய போட்டோ போனில் வந்த நாளிலிருந்து அவர் சோறு வடிக்கும்போதுகூட அதை எங்களுக்குக் காட்டுவார். நான் வாயால் மாஷா அல்லாஹ் என்று சொல்வேன். வயிறு வேறு ஒன்றைச் சொல்லும். மறுநாளே வீட்டுக்குப் போன் போட்டு மகளை அபாகஸில் சேர்க்கச் சொன்னேன். இன்னொருவர் மகள் கராத்தேயில் மஞ்சள் பெல்ட் வாங்கினாள் என்று கேள்விப்பட்டதும் கராத்தேயில் சேர்க்கச் சொன்னேன். கையெழுத்து கிளாஸும் அப்படி வந்ததுதான். படிப்புக்கு டியூஷன், அது எப்போதும் உள்ளது.

இதில் ஒரு பயமும் கலந்திருந்தது. வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதிக்கிறவர்களை எங்களில் சபுராளி என்பார்கள். அறந்தாங்கியில் தெருவுக்குத் தெரு சபுராளி வீடுதான். பிள்ளை கொஞ்சம் வெளியே நின்றுவிட்டால் போதும், அத்தா ஊரில் இல்லை, கேட்க ஆளில்லை, அதுதான் திரியுது என்று சொல்லிவிடுவார்கள். என் பிள்ளையை யாரும் அப்படிச் சொல்லக் கூடாது என்று அவளுடைய நாள் முழுவதையும் தூரத்தில் இருந்தே அடைத்து வைத்தேன். அடைக்கும்போது எனக்கென்று ஒரு இடம் விட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

காலையில் சுப்ஹுத் தொழுகைக்குப் பிறகு குர்ஆன் ஓதப் போவாள். அதன் பிறகு பள்ளிக்கூடம். வந்து பால் குடித்துவிட்டு டியூஷன். சில நாட்களில் டியூஷன் முடிந்து கராத்தே. சனிக்கிழமை அபாகஸும் கையெழுத்தும். ஓதப் போவதில் மட்டும் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அது அல்லாஹ்வுக்கு. மற்ற நேரமெல்லாம் யார் யாருக்கோ போனது.

பெட்டியைப் பிரித்தபோது சாக்லேட் பைகளை அவள் முன்னால் வைத்தேன். கண் விரியும் என்று பார்த்தேன். அவள் உட்கார்ந்து பிரித்து வைத்தாள். இது கராத்தே மாஸ்டருக்கு, இது டியூஷன் மிஸ்ஸுக்கு, இது வேன் அண்ணனுக்கு, இது தெருப் பிள்ளைகளுக்கு.

"ஒனக்கும்மா?"

"எனக்கு வேணாம்த்தா. பல்லு சொத்தையாயிரும்னு மிஸ் சொல்லிருக்காங்க."

அந்த மிஸ்ஸை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் என் வீட்டில் நெருப்பு மூட்டுவதும் அணைப்பதும் அவர் சொல்படிதான் நடந்தது. தலையில் இடது பக்கம் வகிடு எடுப்பது, தண்ணீரை உட்கார்ந்து குடிப்பது, எல்லாவற்றுக்கும் மிஸ். உட்கார்ந்து குடிப்பது நபி காட்டிய வழி, சுன்னத்து, அதை அத்தாவும் போனில் சொல்லியிருக்கிறேனே என்றேன். அப்படியா அத்தா என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

அந்த மரியாதைதான் என்னைப் போட்டு அறுத்தது. சாப்பிட்டீங்களா அத்தா, தூங்கினீங்களா அத்தா. வீட்டுக்கு வந்த சொந்தக்காரரிடம் பேசுகிற மாதிரி.

கராத்தேக்கு ஒரு நாள் நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். ஆவுடையார்கோவில் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் மற்ற பிள்ளைகளைப் பெற்றவர்களோடு நின்றேன். உள்ளே போனதும் அவள் ஆளே மாறினாள். குனிந்து வணக்கம் வைத்தாள். மாஸ்டர் அவள் இடுப்புப் பெல்ட்டை அவிழ்த்துத் திருப்பிக் கட்டிவிட்டார். சின்ன வயதுப் பையன்தான், முகத்தில் மீசைகூடச் சரியாக வரவில்லை. அவர் ஏதோ அதட்டியதற்கு இவள் உதட்டைச் சுழித்தாள். என்னிடம் உதட்டைச் சுழித்ததில்லை. பொறாமை நெருப்பு மாதிரி, நாம் சேர்த்த நன்மையைத் தின்றுவிடும் என்று பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைப் பயானில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கேட்டு என்ன? அந்தத் தகரக் கொட்டகை வாசலில் நின்று என் நன்மை பூராவும் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் என் மனைவியிடம் சொன்னேன். நான் போகிற வரைக்கும் ஓதலும் பள்ளிக்கூடமும் டியூஷனும் போதும், கராத்தேயும் சனிக்கிழமைக் கிளாஸும் நிற்கட்டும், பிள்ளைக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் வேண்டாமா என்றேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"சேருன்னாலும் நீங்கதான், நிறுத்துன்னாலும் நீங்கதான். நீங்க பாட்டுக்கு ஃப்ளைட் ஏறிருவீங்க. மறுபடி அவளச் சேக்க நான்தான் ஒவ்வொரு வாசலா நிக்கணும்."

அவள் விடவில்லை.

"அவ மூச்சு விடவா நிறுத்துறீங்க? ஒங்க பக்கத்துல ஒக்காந்து மூச்சு விடவா?"

சோற்றைப் பிசைந்துகொண்டு, ரெண்டுக்கும்தான் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நிறுத்தியாகிவிட்டது.

முதல் சனிக்கிழமை வந்தது. முதல் நாளே மனதுக்குள் திட்டம் போட்டிருந்தேன். காலையில் பரோட்டா வாங்கி வர வேண்டும். பிறகு பைக்கில் வைத்துக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போக வேண்டும். வழியில் அவள் பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டே வருவாள். நான் பரோட்டாவோடு திரும்பி வந்தபோது அவள் வீட்டில் இல்லை. கிளாஸ் இல்லை என்று தெரிந்ததும் இரண்டு இட்லியை வாயில் போட்டுக்கொண்டு அங்கிட்டு ஓடிவிட்டாள் என்று மனைவி கையைக் காட்டினாள்.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பாதி கட்டின வீடு நிற்கிறது. அதுவும் ஒரு சபுராளி வீடுதான். தூண் ஏறி, சுவர் பாதி ஏறி, அப்படியே நின்றுபோனது. முன்னால் ஒரு மணல் குவியல், பக்கத்தில் கருங்கல் ஜல்லி, உள்ளே பூசாத தரை. தெருப் பிள்ளைகள் அதைத் தங்கள் பெயருக்கு எழுதி வாங்கிய மாதிரி வைத்திருந்தார்கள். என் மகளும் அங்கேதான் இருந்தாள். ரோட்டு ஓரத்தில் நின்று பார்த்தேன்.

கல்லா மண்ணா விளையாட்டு. பிடிக்கிற ஆள் கல்லைக் கேட்டால் தரையும் ஜல்லியும் அவனுடையது, மற்றவர்கள் மணலில் நிற்க வேண்டும். அவன் கல்லில் கால் வைத்துச் சீண்டுவார்கள், வைத்தவரைத் தொட்டுவிட்டால் அவுட். என் மகள் பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கால் வைத்ததை வைக்கவில்லை என்று சாதித்தாள். அல்லா மேல் சத்தியமாகச் சொல்லு என்று ஒரு பெண் கேட்டதும் சத்தியம் பண்ணாமல் நழுவினாள். பிறகு, "போடி எருமமாடு, ஒனக்குக் கண்ணு அவுஞ்சுபோச்சு" என்று அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே கத்தினாள். அந்தப் பெண் இவள் முதுகில் ஒன்று வைத்தாள். இவள் திருப்பி வைத்தாள். அடுத்த நிமிஷம் ரெண்டும் ஒரே மணல் குவியலில் தோளோடு தோள் ஒட்டி நின்றன.

திட்டக் கூடாது என்று வளர்த்த பிள்ளை. கூப்பிட்டுக் கண்டித்திருக்க வேண்டும். எனக்குக் கண்டிக்கத் தோன்றவில்லை, பொறாமைதான் வந்தது. அந்த எருமமாடு நானாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து என்னை அவள் ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டுகிற அளவுக்கு நான் அவளுக்கு வேண்டியவனாக இல்லை. பரோட்டா ஆறிப்போனது.

அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால் பஜாருக்குப் போய் நல்ல கேரம் போர்டு ஒன்று வாங்கி வந்தேன். வெளியே வெயில், வீட்டிலேயே விளையாடலாம் வாம்மா என்றேன். வந்து உட்கார்ந்தாள். பவுடர் போட்டுத் தேய்த்தாள். நன்றாகத்தான் அடித்தாள். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், எளிதாக விழ வேண்டிய காயையெல்லாம் தவற விடுகிறாள். நான் சிவப்பை எடுத்ததும் சூப்பர் அத்தா என்றாள். என்னை ஜெயிக்க வைக்கிறாள் என்று புரிந்தது. சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் போகலாம். வெளியே பிள்ளைகள் சத்தம் வரும்போதெல்லாம் அவள் கண் வாசலுக்குப் போய்விட்டு வந்தது.

"போகட்டுமாத்தா?"

போ என்றேன். செருப்பைக்கூடப் போடவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து நானும் அங்கே போனேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னையும் சேர்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் அப்படியே நின்றுவிட்டார்கள். என் மகள் தரையைப் பார்த்தாள். போன சனிக்கிழமை அவளிடம் அடி வாங்கிய பெண்தான் அங்கே எல்லாவற்றுக்கும் தலைவி. பரோட்டாக் கடைக்காரர் மகள். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். தாடியைப் பார்த்தாள்.

"மாமாவ வேணும்னா ஒப்புக்குச் சப்பாணியா வச்சுக்கலாம்" என்றாள்.

ஆட்டம் தெரியாத சின்னக் குழந்தை அழுதால் அப்படித்தான் சேர்த்துக்கொள்வார்கள். ஓடலாம், கத்தலாம். யாரும் தொட மாட்டார்கள், தொட்டாலும் அவுட் கிடையாது. என் மகளைப் பிறந்த அன்றும் போனில்தான் பார்த்தேன். அவளுக்கு நான் இத்தனை வருஷம் என்னவாக இருந்தேன் என்பதை அந்தப் பெண் ஒரே சொல்லில் சொல்லிவிட்டாள். பாவம், அவளுக்கு அது தெரியாது.

விளையாடினேன். மணலில் நின்றேன். அவர்கள் கல்லில் போய் நின்று, "ஒன் கல்லுல நிக்கிறேன்" என்று சீண்டினேன். பிடிக்கிற பிள்ளை என்னைச் சுற்றிக்கொண்டு வேறு ஆளைத் துரத்தியது. என் மகளுக்குப் பிடிக்கிற முறை வந்தபோது நான் வேண்டுமென்றே அவள் கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றேன். அவளும் என்னைத் தொடவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. கால் பட்டதா இல்லையா என்று சண்டையும் வரவில்லை. பட்டது என்றால் பட்டது என்று ஒத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வந்த மாதிரி ஆட்டம் நடந்தது. அஸர் பாங்கு சொன்னதும் தப்பித்தோம் என்று நான் கிளம்பினேன்.

பொழுது சாய்ந்து மக்ரிப் நெருங்கும்போது அவள் வீட்டுக்கு வந்தாள். கை கால் கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். எதையோ சொல்ல நினைக்கிறாள் என்று தெரிந்தது. சொல்லும்மா என்றேன்.

"அத்தா, அங்கிட்டு வராதீங்கத்தா. நீங்க நின்னா யாரும் சண்ட போட மாட்டேங்கிறாங்க. நல்லாவே இல்ல."

நெஞ்சில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. பிள்ளை முதல் தடவையாக என்னிடம் மனதில் பட்டதை மரியாதை பார்க்காமல் சொல்லியிருக்கிறாள். சரி, வரவில்லை என்றேன். அவள் போகவில்லை. கராத்தேக்கு மட்டும் மறுபடி போகட்டுமா, மாஸ்டர் தேடுவாங்க என்றாள். அந்த மாஸ்டர் மேல் பொறாமை இன்னும் அடங்கவில்லை, இருந்தாலும் போ என்றேன். சனிக்கிழமை என்று இழுத்தாள். சனிக்கிழமை ஒன்றும் வேண்டாம் என்றேன். அபாகஸும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம், கடற்கரையும் வேண்டாம்.

ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிற அன்று மனைவியிடமும் அதைத்தான் சொன்னேன். கராத்தே போகட்டும், டியூஷன் போகட்டும், சனிக்கிழமையை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே. தெருவில் திரியுது என்று சொல்வார்களே என்றாள், நான் இத்தனை வருஷம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தையை. சொல்கிறவர்கள் சொல்லட்டும், பிள்ளையை அல்லாஹ் பார்த்துக்கொள்வான், நீ எட்டிப் பார்த்துக்கொள் என்றேன். எட்டிப் பார்க்கக் கிடைக்கிற அவள் மேலும் எனக்குப் பொறாமைதான்.

முன்பெல்லாம் சனிக்கிழமை கிளாஸ் முடிந்து வந்ததும் அவள் என்னோடு போனில் உட்காருவாள். அந்த நேரத்தை நான்தான் தூக்கிக் கொடுத்துவிட்டேன். இருந்தாலும் கை நிற்காது. போன சனிக்கிழமையும் கடை அடைத்திருந்த மதிய நேரத்தில் கூப்பிட்டேன். அவள் இல்லை, கூப்பிடட்டுமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் வாசலில் தண்ணீர் குடிக்க வந்தவளிடம் போனைக் கொடுத்துவிட்டாள். மூச்சு வாங்கியது. நின்றுகொண்டேதான் போல, மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது.

"எப்பப் பாத்தாலும் இந்த நேரத்துலதான் கூப்புடுவீங்களாத்தா? வையிங்க, என் மொற வந்துருச்சு."

சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை. ஸலாமும் சொல்லவில்லை. ரூமில் எல்லோரும் படுத்திருந்தார்கள். நான் மட்டும் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், மறுபடி கடை திறக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.