பூஜ்யம் போடாத அட்டை

அறுபதுகளின் கடைசியில் மாட்டுங்காவிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து ஆபீஸ் போய், கம்ப்யூட்டருக்கு ஃபோர்ட்ரான் என்ற மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். ஊர் ஊராகப் பெய்த மழையைக் கூட்டிச் சொல்லும் புரோகிராம் என்னுடையது. இரண்டு வருஷம் ஒரு பிசகில்லாமல் ஓடியது. அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

நாங்கள் எழுதிக் கொடுப்பதை, மெஷின் படிக்கும்படி வரிக்கு ஓர் அட்டையாக ஓட்டை போட்டுத் தருபவள் தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலிப் பெண். தற்காலிக வேலை, அந்த மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அட்டைக்குப் பஞ்சமான காலம் அது. கூட்டலைத் தொடங்குமுன் மொத்தத்தைப் பூஜ்யமாக்கச் சொல்லும் அட்டையை நாங்கள் யாருமே போடுவதில்லை. எங்கள் மெஷின் தானாகவே எல்லாவற்றையும் பூஜ்யத்தில் தொடங்கிவிடும். ஓர் அட்டை மிச்சம் என்று பெருமை வேறு.

ஒருநாள் அந்த மெஷின் படுத்துவிட்டது. அட்டைகளைத் தாணேயில் இருந்த வேறொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனோம். ஃபோர்ட்ரான் எங்கும் ஃபோர்ட்ரான்தானே என்று இருந்துவிட்டேன். சொட்டு மழை பெய்யாத ஊரில் வெள்ளமே வந்ததாக அச்சடித்துக் கொடுத்தது. யாரும் பார்க்காமல் அது மேலிடத்துக்கும் போய்விட்டது.

மேலிடம் கேள்வி கேட்டதும், அட்டை அடித்ததில்தான் பிழை என்றார் எங்கள் அதிகாரி. அவள் என்னிடம் வந்தாள்.

"நீங்க எழுதித் தந்ததத்தான சார் அடிச்சேன். ஒரு புள்ளிகூட மாத்தல. நீங்க சொன்னா கேப்பாருல்லா."

சொன்னேன். தப்பு என்னுடையது என்றே சொன்னேன். மொழியின் விதிகளைச் சொல்லும் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். நாம் எதுவும் போடாத இடத்தில் என்ன இருக்கும் என்று அது சொல்லவில்லை. மெஷின்காரர் விருப்பத்துக்கு விட்டிருந்தது. பூஜ்யம் வைத்த எங்கள் மெஷினும் சரி, முன்னால் ஓட்டியவரின் மிச்ச எண்ணை அப்படியே விட்டுவைத்த தாணே மெஷினும் சரி, இரண்டுமே விதியை மீறவில்லை. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவளைக் காப்பாற்றப் பார்க்கிறாயா என்று சிரித்தார். இரண்டு வருஷம் ஒழுங்காக ஓடிய புரோகிராம் திடீரென்று எப்படித் தப்பாகும் என்று கேட்டார். நான் பெருமைப்பட்ட இரண்டு வருஷமும் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த அட்டையைச் சேர்த்து ஓட்டிக் காட்டலாம் என்றால், தாணேயில் மறுபடி மெஷின் கிடைக்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் ஒரு சனிக்கிழமை அவளை நிறுத்திவிட்டார்கள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு என் மேஜையைத் தாண்டித்தான் போனாள். நான் நிமிரவில்லை.

விடுபட்ட அட்டையை அவள் இடத்துக்கு வந்த பெண் அடித்துக் கொடுத்தாள். சேர்த்து ஓட்டினோம். எல்லா ஊருக்கும் சரியான மழை. தாளை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினேன்.

மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"பாத்தியா, ஆளை மாத்தினதும் சரியாயிடுத்து" என்றார்.